மழைக்கு நடுவே தூண்டில்: ஈசூனுக்குக் குழுவாக மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு

ஒரு குழுவைத் தூண்டிலோடு நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போகிறவர் முதலில் ஒரு நடையை அளந்துவைக்க வேண்டும். மீன்பிடி மேடையிலிருந்து மின்னலுக்குப் பாதுகாப்பான கூரைவரை, குழுவிலேயே மெதுவாக நடப்பவர் போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும்? முழங்கால் வலிக்காரப் பெரியம்மா இருக்கலாம், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கலாம். ஒரு வார நாள் மாலையில் தனியாகப் போய் அவர்கள் வேகத்தில் நடந்து பாருங்கள். அந்த எண் கையில் இருந்தால் எங்கே உட்காருவது, எப்போது கோலை மடக்குவது, யாரை அழைப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். மீனைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

இதை முதலில் சொல்லக் காரணம் இந்த ஊர் வானம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சராசரியாக ஆண்டில் 168 நாள் இடி இடிக்கிறது. ஆகவே “சனிக்கிழமை மழை வருமா?” என்று புதன்கிழமையே கேட்பதில் பயனில்லை. நான்கு நாள் முன்னுரைப்பைத் திறந்தால் பெரும்பாலான வாரங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயணத்தை ஒத்திவைத்துக்கொண்டே போனால் ஆண்டு முழுவதும் வீட்டில்தான் இருப்போம். மழை எந்த மணிக்கு வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும், வரும்போது நாம் எங்கே நிற்போம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருந்தால் போதும், பயணம் நடக்கும்.

ஐரோப்பாவின் வடக்கு ஆறுகளில் கிரேலிங் என்ற மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் உண்டு. முதுகில் பாய்மரம்போல் விரியும் துடுப்புள்ள குளிர்நீர் மீன் அது. அவர்களுக்கும் வானிலைதான் தலைவலி. ஆனால் அங்கே மலையில் பெய்த மழை ஆறு கலங்கி உயர்ந்து கீழே வந்துசேரச் சில மணி நேரம் எடுக்கும். ஆற்றின் மட்டத்தைப் பார்த்து நாளை போகலாமா, நாளன்றைக்கா என்று நிதானமாக முடிவெடுக்கிறார்கள். நமக்கு அந்த அவகாசம் இல்லை. தெளிந்த வானத்துக்கும் தலைக்கு மேல் மின்னலுக்கும் இடையே இருபது நிமிடம் இருந்தாலே அதிகம். அதனால் நம் முடிவுகளை வீட்டிலேயே எடுத்துவைத்துவிட்டு, கரையில் அவற்றை நடைமுறைப்படுத்துவது மட்டுமே வேலையாக இருக்கவேண்டும்.

மாதத்துக்கு மாதம் மாறும் மழை

வானிலை ஆய்வகம் ஆண்டை இரண்டு பருவக்காற்றுகளாகவும் அவற்றுக்கு நடுவே இரண்டு இடைப்பருவங்களாகவும் பிரிக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை வைத்துக்கொண்டும் இதைப் பின்பற்றலாம்.

கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முற்பகுதிவரை வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பகுதி. இடி குறைவாக இருந்தாலும், பருவமழை வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். இந்த மாதங்களில் மழைக்கு நடுவே இடைவெளி பார்த்து நுழையலாம் என்று குழுவைக் கூட்டாதீர்கள். அடைமழை முன்னறிவிப்பு வந்துவிட்டால் பயணத்தை நேராக ரத்து செய்யுங்கள். பொங்கலையொட்டிய வாரத்தில் போகலாம் என்று ஆசைப்படும் குடும்பங்கள் நிறைய. அந்த வாரம் பல ஆண்டுகளில் நனைந்த வாரம். இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். தைக் கடைசியும் மாசியும் காற்று வீசும், ஆனால் மழை குறையும். பிப்ரவரிதான் ஆண்டிலேயே வறண்ட மாதம். முதன்முறையாகப் பெரிய குழுவை அழைத்துப் போகிறவருக்கு நான் சொல்லும் மாதமும் அதுதான்.

பங்குனி, சித்திரையிலும், மறுபடி ஐப்பசியிலும் காற்று லேசாக இருக்கும். காலை முழுக்கச் சுள்ளென்று வெயில். நிலம் சூடேறி, கடற்காற்று உள்ளே வந்து மோத, மதியத்துக்குமேல் மேகம் கோபுரமாக எழும். ஆண்டின் கடுமையான மின்னல் இந்த மாதங்களில்தான். ஈசூன் தொழிற்பேட்டையிலுள்ள ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கும் உடன் நடப்பவர்களுக்கும் இந்த வெயிலையும் இந்த மழையையும் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. இந்த மாதங்களில் விதி எளிமையானது: விடிந்ததும் தொடங்கி, பதினொன்றரைக்குள் கோலை மடக்கிவிட வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணியில் கதை தலைகீழ். சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் உருவாகும் இடிமழை வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ நம்மைக் கடக்கும். ‘சுமத்ரா’ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர்வரை காற்று வீசும், ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டும், பிறகு வானம் வெளுத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரில் சொல்வார்கள்; இங்கே பறப்பது கூடாரமும் குளிர்பெட்டி மூடியும். இந்த மாதங்களில் அதிகாலைக்குக் குழுவைக் கூட்டுவது வீண். ஐந்து மணிக்கு மழைப் படத்தைப் பார்த்துவிட்டு, சுமத்ரா வருகிறதென்றால் ஒன்பதரைக்குக் கூடுவோம் என்று செய்தி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். 2024 செப்டம்பர் 17 அன்று வந்த சுமத்ரா மாலை நேரத்தில் வந்தது. தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் காற்று பதிவானது. தீவின் பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன. இங்கே பதிவானவற்றிலேயே மிக வேகமான காற்றும் தெங்காவில்தான், 1984 ஏப்ரல் 25 அன்று, மணிக்கு 144.4 கிலோமீட்டர். பருவம் தெரிந்திருப்பதால் தேதியும் தொடங்கும் நேரமும் சரியாக அமையும். கரையில் நிற்கும்போது வானத்தைப் பார்க்கிற வேலை அப்போதும் இருக்கும்.

எந்தக் கரை

ஈசூனில் குழுவுக்கு ஏற்ற இடம் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம். சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அணைகட்டி மறித்து உருவாக்கப்பட்டு 1986இல் முடிந்தது. ஈசூன் அவென்யூ 1 பக்கம் இருக்கும் பூங்காவில் நீருக்கு மேல் நீளும் மேடை, பிள்ளைகள் விளையாடும் நீர்த்திடல், கழிப்பறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் ஒரே இடத்தில் உள்ளன. தூண்டில் பிடிக்காதவர்களுக்கும் பொழுது போகும். பக்கத்து எம்ஆர்டி நிலையம் காத்திப். அங்கிருந்து நடந்தும் வரலாம், ஆனால் பெட்டியும் பிள்ளைகளுமாக வெயிலில் நடப்பது அலுப்பு.

அழைப்புச் செய்தியில் ‘சிலேத்தார் நீர்த்தேக்கம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்பர் சிலேத்தார் மண்டாய் பக்கம் இருக்கிறது. பாதிப் பேர் அங்கே போய் இறங்குவார்கள். ‘லோவர்’ என்ற சொல்லும் அவென்யூவின் எண்ணும் செய்தியில் கட்டாயம் இருக்கட்டும்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடச் சிங்கப்பூரில் உரிமம் தேவையில்லை. ஆனால் நீர்த்தேக்கம் குடிநீர். பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக்கொடுத்த பகுதிகளில் மட்டுமே மீன்பிடிக்கலாம், அதுவும் செயற்கை இரையால் மட்டுமே. மண்புழு, இறால், ரொட்டி மாவு எதுவும் கூடாது. மீறினால் 3,000 வெள்ளிவரை அபராதம். குறித்த பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கரையிலிருக்கும் பலகை சொல்லும். குழுவின் தலைவர் முன்கூட்டிப் போகும் அந்த வார நாள் மாலையிலேயே பலகையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவது நல்லது. பக்கத்தில் யாரோ வீசுகிறார்கள் என்பதற்காக நாமும் அங்கே வீசக்கூடாது. 2022இல் திறந்த ரோவர்ஸ் பே பூங்காவுக்கும் ஈசூன் அணைக்கும் இதே பேச்சுதான்: பலகையைப் படித்தபின் கோலை விரியுங்கள்.

இப்போது அந்தக் கூரை. மின்னலுக்குப் பாதுகாப்பு என்றால் நான்கு பக்கமும் சுவருள்ள கட்டடம், அல்லது உலோகக் கூரையுள்ள வாகனம். பூங்காவின் திறந்த பந்தல், பேருந்து நிறுத்தம், மரநிழல் மூன்றும் மழையிலிருந்து காக்கும், மின்னலிலிருந்து காக்காது. மரத்தடி எல்லாவற்றிலும் மோசம். கார் உள்ளவர்கள் போதுமான அளவு இருந்தால் கவலையில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் எம்ஆர்டியில் வருகிறார்கள் என்றால், ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக் கார் நிறுத்துமிடத்திலேயே அரைநாள் நிறுத்திவையுங்கள். ஆளுக்குச் சில வெள்ளி கூடுதலாகும். இந்தப் பயணத்தில் செலவழிக்கும் காசிலேயே அதுதான் மிக நல்ல செலவு என்பேன். உட்கார இடம், பெரியவர்களுக்குக் குளிர்காற்று, சாப்பாட்டுக்கு நிழல், மின்னலுக்குக் கூரை எல்லாம் அது ஒன்றில் அடங்கிவிடும்.

யார் நிறுத்தச் சொல்வது

மழை முன்னறிவிப்பு தெரியாததால் குழுக்கள் சிக்கிக்கொள்வது அரிது. தெரிந்தும் யாரும் வாய் திறக்காததால் சிக்கிக்கொள்வதுதான் அதிகம். மேற்கே கறுக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். பெரிய மாமா அப்போதுதான் ஒரு மீன் தட்டிவிட்டுப் போனதாகச் சொல்லி மறுபடி வீசுகிறார். அவரிடம் போய் “போதும் மாமா” என்று சொல்ல இருபத்தைந்து வயது மருமகனுக்கு நா எழாது. நம் குடும்பங்களில் இது இயல்பு. அதைக் குறைசொல்லிப் பயனில்லை, அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடவேண்டும்.

என் ஆலோசனை: நிறுத்தும் அதிகாரத்தை அந்தப் பெரிய மாமாவிடமே கொடுங்கள். கைப்பேசியில் மழைப் படம் பார்த்துச் சொல்லும் வேலை இளையவருக்கு. “கோலை மடக்குங்க” என்று அறிவிக்கும் வேலை மூத்தவருக்கு. முதல்நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்: “மாமா, நாளைக்கு நீங்கதான் கேப்டன். ரவி மேகத்தப் பாத்துச் சொல்வான், நீங்க விசில் அடிச்சா நாங்க எல்லாரும் வேனுக்கு வந்துடுவோம்.” பொறுப்பு கைக்கு வந்ததும் அவரே முதலில் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார். விசில் கேட்டபிறகு விவாதம் கிடையாது என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாகட்டும். ஒருவேளை மழை விலகிப்போனால் அரை மணி நேரம் இழந்தோம், அவ்வளவுதான்.

ஆட்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள். பன்னிரண்டு பேர் வந்தாலும் ஐந்து கோலுக்குமேல் நீரில் இருக்கவேண்டாம். மூன்று முட்கொண்ட தூண்டில் தொங்கும் செயற்கை இரை பின்னால் வீசப்படும்போது ஒரு பிள்ளையின் கண் உயரத்தில் பறக்கிறது. முறைவைத்துப் பிடித்தால் கற்றுக்கொடுக்கவும் ஆள் கிடைக்கும், மழை வந்தால் மடக்கவேண்டிய சாமானும் குறையும். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பது, தலைக்கு மேலாக மட்டும் வீசுவது, கண்ணாடியும் தொப்பியும் போட்டிருப்பது: இந்த மூன்றையும் புதியவர்களுக்குக் கரையில் காலை வைத்த உடனேயே சொல்லிவிடுங்கள்.

சாமான்

நடுத்தர வலுவுள்ள ஆறு ஏழு அடிக் கோல், அதற்கேற்ற சுழல்ராட்டை, பின்னல் நரம்பு, நுனியில் ஓரிரு முழம் கனத்த தங்கூசி. இது போதும். செயற்கை இரையில் சிறுமீன் வடிவம் இரண்டு, தண்ணீர்மேல் துள்ளுவது ஒன்று, மென்ரப்பர் புழு சில. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் எளிதாகக் கழலும். மனித விரலும் அப்படியே.

நாம் இன்று பிடிக்கும் கோல் பெரும்பாலும் கார்பன் இழை. அது மின்சாரத்தைக் கடத்தும். திறந்த மேடையில் நிற்பவர் கையில் ஏழடிக் கார்பன் கோல் நிமிர்ந்திருப்பது மின்னல் நேரத்தில் எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. விசில் கேட்டதும் கோலை நுனி கீழே இருக்கப் பிடித்து நடக்கவேண்டும். மின்னல் ஏற்கெனவே பக்கத்தில் என்றால் கோலை மேடையிலேயே படுக்கவைத்துவிட்டு வாருங்கள். யாரும் திரும்பிப் போய் எடுக்கக்கூடாது.

குடையைவிட மழைச்சட்டை நல்லது, இரு கையும் சும்மா இருக்கும். வழுக்காத காலணி, நனைந்த மரத்தளத்தில் ரப்பர்ச் செருப்பு சறுக்கும். கைப்பேசிக்கு நீர்புகாத உறை, கூடவே மின்சேமக் கலம். படம் பார்க்கிறவரின் கைப்பேசி செத்துப்போனால் திட்டம் முழுவதும் போயிற்று. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கொசுமருந்தும் தேவை. சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டால் நின்றபடியே சாப்பிடலாம். தேக்காவிலோ சோங் பாங்கிலோ காலையில் வாங்கியும் வரலாம். ஈயமும் ரப்பர் இரையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடவேண்டும். மிச்சச் சோற்றை நீரில் கொட்டாதீர்கள், குரங்குக்கும் போடாதீர்கள். வனவிலங்குக்கு உணவளிப்பதும் இங்கே குற்றம்.

அன்றைய காலை

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலி ஒன்றே போதும். முந்தைய இரவு 24 மணி நேர முன்னுரைப்பைப் பாருங்கள். அது காலை எப்படி, பிற்பகல் எப்படி என்று பிரித்துச் சொல்லும். அதிகாலையில் அகலமான ரேடார் படம். மலாக்கா நீரிணையில் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட வரிசை தெரிந்தால் அது சுமத்ரா. கிளம்புமுன் ஈசூனுக்கான 2 மணி நேர முன்னுரைப்பு. கரைக்கு வந்தபின் சிங்கப்பூரின் மழைப் படத்தைக் கால் மணிக்கு ஒருமுறை.

படத்தைப் பார்க்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் நகர்வைப் பாருங்கள். துவாஸிலிருந்து ஈசூன் நேர்கோட்டில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மழை வரிசை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் துவாஸைத் தொட்ட அரை மணி நேரத்தில் நம் தலைமேல் இருக்கும். உங்கள் குழு சாமானை எடுத்துவைக்கப் பத்து நிமிடம், நடக்கப் பத்து நிமிடம் என்றால் துவாஸ் நனையும்போதே விசில் அடிக்கவேண்டும். சுவா சூ காங்வரை பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கு நேரமில்லை. முதலில் அளந்த நடைக்கு இங்கேதான் வேலை. பிற்பகல் இடிமழைக்கு இந்தக் கணக்கு உதவாது. அது எங்கிருந்தோ நகர்ந்து வருவதில்லை, தலைக்கு மேலேயே முளைக்கும். அதற்குக் கடிகாரம்தான் காவல், பதினொன்றரை என்றால் பதினொன்றரை.

இடி காதில் விழுந்துவிட்டால் எந்தப் படமும் தேவையில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது நம்மிடமே விழலாம். உடனே வேனுக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகுதான் வெளியே. நடுவில் ஒருமுறை இடித்தாலும் முப்பதை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். மழை நின்றதும் பிள்ளைகள் கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். மின்னல் மழையோடு நிற்பதில்லை.

வெயிலும் வானிலைதான் என்பதைக் குழுக்கள் மறந்துவிடுகின்றன. அதே செயலியில் வெப்ப அழுத்த அளவும் உண்டு. அது 33 பாகையைத் தொட்டால் உயர் நிலை. பெரியவர்களையும் பிள்ளைகளையும் அப்போது மேடையில் நிறுத்தாதீர்கள்.

மழைக்குப் பிறகு மீன்

இந்த நீர்த்தேக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது பீக்காக் பாஸ். தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட மீன், வாலில் மயில்கண்போல் ஒரு வட்டம். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் பகலில்தான் தாக்கும், தெளிந்த நீரில்தான் உற்சாகம். கொட்டும் மழை கால்வாய் வழியே செம்மண்ணைக் கொண்டுவந்து கலக்கினால், வாய்க்கால் விழும் மூலையை விட்டு விலகித் தெளிந்த பக்கம் போய் வீசுங்கள். கலங்கலுக்கும் தெளிவுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டிச் சிறுமீன் ஒதுங்கும், அதைத் தேடிப் பெரிய மீனும் வரும். லேசான தூறலும் காற்றின் சிற்றலையும் கெடுதல் இல்லை. நம் நிழல் தெரியாததால் மீன் கரைக்கு நெருங்கும்.

விரால் இனத்தின் பெரியண்ணன் தோமான். காற்றைச் சுவாசிக்க அது மேலே வந்தே ஆகவேண்டும். மழை ஓய்ந்து நீர் கண்ணாடியாகும் நேரத்தில் அது எழும்பும் இடம் தெளிவாகத் தெரியும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அங்கே வீசினால் நிச்சயம் தாக்கும். வீசாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும்.

தோமானின் பல் கூர்மையானது. குறடு இல்லாமல் வாயில் விரலை விடக்கூடாது. பீக்காக் பாஸின் பல் சொரசொரப்புதான், ஈரக்கையால் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கலாம். செவுளுக்குள் விரல் போகாமல், ஒரு படம் எடுக்கும் நேரத்துக்குள் நீரில் விட்டுவிடுங்கள், பிடித்த அதே இடத்தில். ஒரு நீர்நிலையில் பிடித்ததை இன்னொன்றில் கொண்டுபோய் விடுவதும், வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து இங்கே விடுவதும் சட்டப்படி குற்றம். நன்னீர்த் திருக்கை தூண்டிலில் வந்தால் நரம்பை அறுத்துவிடுங்கள். வாலிலுள்ள முள் தைத்தால் வலி தாங்கமுடியாது.

கால்வாய்ப் பக்கம் போகவேண்டாம்

ஈசூனைச் சுற்றிக் கால்வாய்கள் நிறைய. மழைக்கு நடுவே அவற்றில் மீன் துள்ளுவது தெரியும். இளைஞர்களுக்குக் கை துறுதுறுக்கும். அங்கே மீன்பிடிக்க அனுமதியில்லை என்பது ஒருபுறம். கான்கிரீட் கால்வாயில் நீர் ஏறுவதற்கு நிமிடங்கள் போதும் என்பது பெரிய காரணம். நம் தலைக்கு மேல் மழை இல்லாமலே, மேலே எங்கோ பெய்தது இங்கே வந்துசேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித்தான் அருவியில் திடீரென்று வெள்ளம் பெருக்கெடுத்து ஒரு மாணவன் உயிரிழந்தான். குளிக்க வந்த கூட்டத்துக்குச் சில நொடிகள்தான் அவகாசம் கிடைத்தது. மலையருவிக்கும் நகரக் கால்வாய்க்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பந்தோ இரையோ கால்வாயில் விழுந்தால் போகட்டும் என்று விடப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

கடல் பக்கமும் மாற்றுத் திட்டமும்

அணைக்கு அப்பால் ஜோகூர் நீரிணை. அனுபவமுள்ள சிறு குழு என்றால் செம்பவாங் பூங்காவின் பழைய தோணித்துறை நல்ல தேர்வு. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு அந்தக் கரை தலைமுறைகளாகப் பழக்கம். உப்புநீரில் உயிர் இரை போடலாம். கொடுவாயும் களவாவும் வரும். கடல்கெளுத்தியின் முள்ளில் நஞ்சு உண்டு, கையால் தொடாதீர்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி நீரேற்றம் வலுவாக இருக்கும். பாறையில் இறங்கி நிற்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கவேண்டும். பிள்ளைகள் உள்ள குழுவுக்கு இந்தப் பக்கம் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மழையால் பயணமே ரத்தானால் என்ன செய்வது என்பதும் முதல்நாளே முடிவாகியிருக்கட்டும். காத்திப் பக்கத்தில் லோரோங் செஞ்சாருவில் முன்பு குடும்பங்கள் காசு கட்டி மீன்பிடித்த குளங்கள் இருந்தன. அந்தப் பகுதி இப்போது வீவக பேட்டையாக மாறுகிறது. கூரைக்குக் கீழே இறால் பிடிக்கும் குளங்கள் தீவில் வேறு இடங்களில் உண்டு. போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டு, அதையே இரண்டாவது இடமாக அழைப்பில் எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் ஏமாற்றம் பாதியாகும். கேப்டனுக்கும் விசில் அடிக்கத் தயக்கம் வராது.

அழைப்புச் செய்தி இப்படி இருந்தால் போதும்: “ஞாயிறு, லோவர் சிலேத்தார், ஈசூன் அவென்யூ 1 கார் நிறுத்துமிடம், காலை 7.15. வேன் அங்கேயே நிக்கும். 11.30க்கு முடிச்சுக்குவோம். கேப்டன் பெரிய மாமா. காலை 5.45க்கு ஒரு மெசேஜ் வரும், அதப் பாத்துட்டுக் கெளம்புங்க. மழைன்னா 10 மணிக்கு இறால் குளம்.” அந்த 5.45 செய்தியைப் போகிறோம், தள்ளிப்போகிறது, இறால் குளம் என்ற மூன்றில் ஒன்றாக மட்டும் அனுப்புங்கள். “பாக்கலாம்” என்று அனுப்பினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

கிளம்பும்போது வேனில் தலைகளை எண்ணுங்கள். பிறகு இருவர் மேடைக்குத் திரும்பிப் போய், எடுத்துவந்த இரைகளின் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அறுந்து கிடக்கும் நரம்பை ஒரு துண்டு விடாமல் சுருட்டி எடுத்துவர வேண்டும். இந்தக் கரையில் நீர்நாய்களும் உடும்புகளும் நடமாடுகின்றன, பறவைகள் இறங்குகின்றன. காலில் நரம்பு சுற்றிய கொக்கு பிழைப்பதில்லை. மின்னலுக்காக அவசரமாக மடக்கியிருந்தால், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் எண்ணி முடித்தபின் இந்த வேலைக்கென்றே ஒருமுறை மேடைக்குப் போய்வாருங்கள்.